ஐந்து படிகள்: மாணிக்கத்துக்கு ஒரு கடிதம்

கோலாலம்பூர்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு தங்கச்சி மீண்டும் படியேறத் தொடங்கிவிட்டாள் என்பதும், உன் சிறுகதைத் தொகுப்பு ஒருவழியாக அச்சகத்துக்குப் போய்விட்டது என்பதும் பெரு மகிழ்ச்சி தந்தன. இங்கு அனைவரும் நலம். பேத்தி தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறாள்.

ஐந்நூறு படிகள் யார் யாருக்கு என்று நீ எழுதியிருந்த பட்டியலைப் படித்தேன். முதல் நூல் பெறுபவர், மொத்தமாக வாங்குவதாக வாக்களித்த பிரமுகர்கள், தமிழ்ப்பள்ளிகள், இரு பக்கத்து உறவினர் எல்லாரும் இருக்கிறார்கள். தேசிய நூலகம் மட்டும் இல்லை. சொந்தக் காசில் நூல் போடுகிற நம்மவர்கள் பலர் மேடைக்கு மாலை வாங்க மறப்பதில்லை, இதை மறந்துவிடுகிறார்கள்.

1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, மலேசியாவில் வெளியாகும் ஒவ்வோர் அச்சு நூலிலும் ஐந்து படிகளை, வெளியான ஒரு மாதத்துக்குள் வெளியீட்டாளர் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். நீயே பணம் போட்டு அச்சிடுவதால் வெளியீட்டாளரும் நீதான்; அச்சகத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதே. நூலுக்கு உலக அளவில் அடையாளமாகும் ஐ.எஸ்.பி.என். எண்ணையும் அதே நூலகம்தான் கட்டணமின்றி வழங்குகிறது. ஆனால் எண் வாங்கிவிட்டதாலேயே நூல் அங்கே போய்ச் சேர்ந்துவிடாது.

ஐந்து படி போனால் விற்பனையில் எவ்வளவு குறையும் என்று நீ உடனே கணக்குப் போடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? இரவல் பகுதியில் உள்ள நூல் கைமாறிக் கைமாறி நைந்துபோனால் கழிக்கப்பட்டுவிடும். ஒப்படைத்த நூலோ நாட்டின் தொகுப்பில் சேர்ந்து, வெளியே போகாமல் காக்கப்படுவது. தேடி வருகிறவர் அங்கேயே அமர்ந்து படிக்கலாம். பழைய மலாய் வீரகதையான ஹிக்காயாட் ஹங் துவாவின் கையெழுத்துப் படியைப் பேணிவரும் நூலகம் அது. 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற அந்தப் படி இருக்கிற கூரையின் கீழ் உன் கதைகளும் இருக்கட்டுமே. நம் ஊர் ஈரக் காற்றும் கரையானும் வீட்டு அலமாரிகளை என்ன செய்யும் என்பது உனக்குத் தெரியாததன்று.

உன் பினாங்கையே எடுத்துக்கொள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1886இல் நூற்பதிவுச் சட்டம் வந்தபோது, அங்கே அச்சாகும் நூலின் படிகளை அரசிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று லண்டனுக்குச் சென்றது. காலனி அரசு அதை நம்மேல் கொண்ட அன்பால் செய்யவில்லை. என்ன அச்சாகிறது என்று தெரிந்துகொள்ளும் கவலையும் அதில் இருந்தது. ஆயினும் அப்படிப் போன நூல்கள்தாம் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் ஆய்வாளர் கைக்குக் கிடைக்கின்றன. சிங்கப்பூர்க்காரர்கள் 1965 முதல் 2015 வரையிலான தங்கள் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலகத்தின் வழியே எவரும் படிக்கும்படி செய்துவிட்டார்கள். நாமும் செய்ய வேண்டும் என்று கூட்டந்தோறும் பேசுகிறோம். மின்வடிவாக்குவதற்கு முதலில் நூல் ஓரிடத்தில் இருக்க வேண்டாமா?

இன்னொன்று. உன் அப்பா ஆண்டுவாரியாகக் கட்டி வைத்த தமிழ் நேசன் கட்டுகளைப் பழைய பேப்பர் லாரிக்குப் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன நாளிதழ் அது. இனி ஒரு தாள்கூடப் புதிதாக வராது. எந்தெந்த ஆண்டுகள், எந்த மாதங்கள் உன்னிடம் இருக்கின்றன என்று குறித்து அனுப்பு. நூலகத்தின் தொகுப்பில் எவை விடுபட்டுள்ளன என்று கேட்டுச் சொல்கிறேன். அதுவரை அவற்றைத் தரையில் வைக்காதே.

படிகளை அனுப்புவது உனக்குச் சிரமமென்றால், விழா முடிந்த கையோடு என் முகவரிக்கு அனுப்பிவிடு. நெஞ்சுப் பரிசோதனைக்காக ஜாலான் துன் ரசாக் பக்கம் போய்வருகிறவன்தானே நான். நூலகத்தில் ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டையும் வாங்கி அனுப்புகிறேன். அந்தப் பொட்டலத்தில் எனக்கென்று ஆறாவது படி ஒன்றை வைக்காதே. என் படியை விழாவுக்கு வந்து பணம் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
சண்முகம்