நடை தூரத்தை முதலில் பறித்தது யார்? பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழும அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) தயாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். வேலை, பள்ளி, மருத்துவமனை, கடை எல்லாம் கால் மணி நேர நடையில் இருக்க வேண்டும் என்ற பேச்சு, பாரிஸில் தொடங்கி இப்போது நம்மூர்க் கருத்தரங்குகள் வரை வந்துவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அப்படி ஒரு வாழ்க்கை இந்த ஊரில் ஏற்கெனவே இருந்தது. கூவம் கரையிலும் அடையாற்றின் கரையிலும் குடிசை போட்டிருந்தவர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் மூட்டை தூக்கியவருக்கு வேலை நடை தூரத்தில் இருந்தது. சைதாப்பேட்டையிலிருந்து வீட்டு வேலைக்குப் போன பெண், மதியம் ஓர் எட்டு வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்ப முடிந்தது. அரசுப் பள்ளியும் அரசு மருத்துவமனையும் பக்கத்திலேயே இருந்தன. வெள்ளம் வந்தால் ஆபத்து என்பது உண்மை, மறுக்கவில்லை. அதற்காக அவர்களை அனுப்பிய இடம் எது? கண்ணகி நகர், அப்புறம் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் நடுவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பள்ளியாண்டு பாதியில் இருக்கும்போதே வீட்டை இடித்து அனுப்பியதும் நடந்தது. பிள்ளைகள் படிப்பை விட்டார்கள், பெண்கள் வேலையை விட்டார்கள். விடாதவர்கள் விடியுமுன் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள். நான் பெரும்பாக்கத்துக்குப் பக்கத்தில் மேடவாக்கத்தில் குடியிருப்பவன். அந்தக் கூட்டத்தை நாள்தோறும் பார்க்கிறேன்.

ஒரு கை நடை தூரத்தைப் பறிக்கிறது, இன்னொரு கை அதையே கொள்கையாக எழுதுகிறது. இரண்டும் அரசின் கைகள்தான் என்பதை உங்கள் ஆவணம் எங்காவது ஒப்புக்கொள்ளுமா?

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தையும் பார்த்துவிட்டோம். 2015இல் ஒன்றிய அரசு அறிவித்த அந்தத் திட்டம், ஒவ்வொரு நகரிலும் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுத்து மெருகேற்றச் சொன்னது. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர், அதில் தேர்ந்தெடுத்த பகுதி தி.நகர். 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அகலமான நடைபாதையும் உட்கார இருக்கைகளும் வந்தன. நல்ல தெருதான், நானும் அங்கே காலாற நடந்திருக்கிறேன். ஆனால் அது பொருள் வாங்க வருகிறவர்களின் தெரு. பல ஆண்டுகள் அதே நடைபாதையில் கடை போட்டிருந்தவர்களை அதற்கு முன்பே ஒரு வணிக வளாகத்துக்குள் அனுப்பியாகிவிட்டது. 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் வெள்ளம் தேங்கியது. ஸ்மார்ட் சிட்டி பணிகளை விசாரிக்க மறு ஆண்டே அரசு ஒரு நபர் குழுவை அமைக்க வேண்டி வந்தது.

கொள்கைக்கும் இங்கே பஞ்சமில்லை. சென்னை மாநகராட்சி 2014லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் போக வேண்டும் என்று அது சொன்னது. அந்தக் கொள்கை வந்து பத்தாண்டுக்கு மேலாகியும் நகரின் பெரும்பாலான தெருக்களில் மின்மாற்றியையும் நிறுத்திய பைக்கையும் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கித்தான் நடக்கிறோம்.

எனக்குள்ள பெரிய பயம் வாடகை. ஒரு தெரு நடக்க நன்றாக ஆனால் அங்கே வாடகை ஏறும். மெட்ரோ வழித்தடங்களின் ஓரத்தில் கூடுதல் மாடிகளுக்கு இடம் கொடுக்கப் போகிறீர்கள். அந்த மாடிகளில் யார் குடியிருப்பார்கள்? எளியவர்களுக்கான வாடகை வீடுகளுக்கு அதில் கட்டாயப் பங்கு இல்லையென்றால், கால் மணி நேர நகரம் காசுள்ளவருக்குக் கிடைக்கும். அங்கே சமைக்கவும் பெருக்கவும் வருகிறவர் ஒன்றரை மணி நேரம் பேருந்தில் தொங்கிக்கொண்டு வருவார்.

அதனால் கேட்கிறேன். ஆற்றங்கரையிலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் யாரை அகற்றினாலும் அதே வட்டாரத்துக்குள்தான் வீடு தர வேண்டும் என்று முழுமைத் திட்டத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே பெரும்பாக்கம் போனவர்களுக்கு, அதிகாலையிலும் இரவிலும் வெள்ளைப் பலகை போட்ட சாதாரணக் கட்டணப் பேருந்துகளைக் கூட்டச் சொல்லிப் போக்குவரத்துக் கழகத்திடம் பேசுங்கள். 2021லிருந்து பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லை. ஆனால் பேருந்து வந்தால்தானே ஏற முடியும்? வரைவுத் திட்டத்தை முழுவதும் தமிழில், படித்தால் புரிகிற மாதிரி வெளியிடுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றைப் பெரும்பாக்கத்திலேயே, வீட்டு வேலைக்குப் போகிறவர்களும் வர முடிகிற மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வையுங்கள். நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
மேடவாக்கத்துக் குடிமகன் ஒருவன்