‘10 முதல் 12’ என்றால் எத்தனை மணி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏசி சர்வீஸுக்கு ஆப்பில் பதிவு செய்தால் ‘10 முதல் 12’, ‘12 முதல் 2’ என்று நேரத்தைத் தேர்வு செய்யச் சொல்கிறார்கள். நாமும் அரை நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். ஆள் வருவது நாலு மணிக்கு. சில நாள் வருவதே இல்லை. திட்டு வாங்குவதோ பைக்கில் வரும் டெக்னீஷியன். ஒரு சர்வீஸ் சென்டரில் வரும் புக்கிங்குகளை டெக்னீஷியன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலையைப் பல வருடம் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், கோளாறு பெரும்பாலும் அவரிடம் இல்லை.

ஆப்பில் நேரம் கொடுப்பது ஒரு பக்கம். மறுநாள் யார் எந்த ஏரியாவுக்குப் போவது என்று பிரிப்பது இன்னொரு பக்கம். குரோம்பேட்டையில் 10 மணி, கேளம்பாக்கத்தில் 12 மணி, மறுபடி பல்லாவரத்தில் 2 மணி என்று ஒரே ஆளுக்கு ஷீட் வரும். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் என்று கணக்கு. பெரிய அடுக்ககமாக இருந்தால் கேட்டில் பெயர் எழுதி, வீட்டுக்காரர் போனை எடுத்து ‘உள்ளே விடுங்க’ என்று சொல்வதற்குள்ளேயே கால் மணி நேரம் போய்விடும். அவுட்டோர் யூனிட்டை எட்டாத இடத்தில் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். முதல் வீட்டில் ஆன தாமதம் கடைசி வீடுவரை ஏறிக்கொண்டே போகும்.

எட்டு வீட்டுக்கு எந்த வரிசையில் போகலாம் என்பதற்கே 40,320 வழி உண்டு. ஆனாலும் பெட்ரோல் லாரிகளை எந்தெந்த பெட்ரோல் பங்க்குக்கு எப்படி அனுப்புவது என்று டான்ட்ஸிக், ராம்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1959-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். வாடிக்கையாளர் கேட்ட நேரத்தையும் சேர்த்துப் பார்க்கும் மென்பொருள் இன்று தாராளமாகக் கிடைக்கிறது. புக்கிங் எல்லாம் முடிந்த பிறகு ராத்திரியில் அதை ஓட்டி என்ன பயன்? நாளைக் காலை வேளச்சேரிப் பக்கம் ஆள் போகிறார் என்றால், அந்த ஸ்லாட்டை அந்தப் பக்கத்துக்காரருக்கு மட்டும் காட்டட்டும். மற்றவர்களுக்கு நாளை மறுநாள் என்று சொல்லட்டும். உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுவோமோ என்ற பயத்தில்தான் எல்லா ஸ்லாட்டையும் திறந்து வைக்கிறார்கள். நாலு மணிவரை காக்க வைத்தால் மட்டும் கூப்பிட மாட்டோமா?

பிரிட்டனில் 2019 ஏப்ரலில் ஒரு திட்டம் வந்தது. இன்டர்நெட் இணைப்பைச் சரிசெய்ய வருவதாகச் சொன்ன ஆள் வராவிட்டால், அதில் சேர்ந்த நிறுவனங்கள் வாடிக்கையாளர் கேட்காமலேயே இழப்பீடு தர வேண்டும். தொடக்கத்தில் அது 25 பவுண்டு. இங்கே அப்படி 200 ரூபாய் என்று வைத்தாலே போதும், ஷீட் போடுகிறவர்கள் வரைபடத்தைத் திறந்து பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பணத்தை டெக்னீஷியனின் இன்சென்டிவில் பிடிக்கக் கூடாது.

அதுவரை, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று காட்ட கையில் இருப்பது புக்கிங் குறுஞ்செய்தி ஒன்றுதான். வேலை முடியும்வரை அதை அழித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.