ராபர்ட்டோ பாஜியோவுக்கு ஒரு ரசிகனின் கடிதம்

மதிப்பிற்குரிய பாஜியோ அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு எழுதுகிற எல்லோரும், 1994 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இத்தாலிக்காக நீங்கள் தவறவிட்ட அந்தப் பெனால்டியில்தான் ஆரம்பிப்பார்கள். நான் எச்சிலில் ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1994 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் பாசடீனாவில் நீங்கள் பிரேசிலோடு உலகக் கோப்பை இறுதிப் போட்டி ஆடிக்கொண்டிருந்தீர்கள். அதே ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த இரு தரப்பு ரசிகர்களிடமும், ஆட்டத்துக்கு முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை, உமிழ்நீர் வாங்கிச் சோதித்தார்கள் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர். 1998இல் வெளியான அந்த ஆய்வின்படி பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறியிருந்தது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. சின்ன ஆய்வுதான், இருபது பேர் சொச்சம். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராதவர்கள் அவர்கள். பந்தைத் தொட்டவர்கள்கூட இல்லை. நீங்கள் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே போனது, அவர்கள் உடம்புக்குள் ஏதோ கீழே இறங்கியது.

"வெறும் விளையாட்டுதானே, இதுக்குப் போய் அழுவாங்களா?" என்று கேட்பவர்களிடம் இந்த ஆய்வைச் சொல்வதுண்டு. 2006 உலகக் கோப்பையில் ஜெர்மனி ஆடிய நாட்களில், மியூனிக் வட்டாரத்தில் நெஞ்சுவலியும் மாரடைப்புமாக அவசர சிகிச்சை தேடியவர்கள் வழக்கத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் என்ற கணக்கையும் சேர்த்துச் சொல்வேன். கேட்டவர்கள் அசைவதில்லை. சரி, அது அவர்கள் பாடு.

உங்களிடம் நான் பேச நினைத்தது வேறு. உணர்ச்சி எங்களுக்கு, செலவு உங்களுக்கு என்பதுதான் இந்த ஏற்பாடு. சாப்பிடுவது ஒருவர், பில் கட்டுவது இன்னொருவர். ரசிகர்கள் இதை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

1985இல் உங்களுக்கு வயது 18. விசென்சா கிளப்புக்கு ஆடும்போது முழங்கால் மோசமாகக் கிழிந்தது. இனி ஆடுவாரா என்றே சந்தேகம். உங்களை அப்போதுதான் எடுத்திருந்த, ஃபுளோரன்ஸ் நகரத்து கிளப்பான ஃபியோரெண்டினா கைவிடவில்லை, காத்திருந்தது. ஐந்து வருடம் கழித்து அதே கிளப் உங்களை இன்னொரு இத்தாலிய கிளப்பான யுவென்டஸுக்கு விற்றபோது ஃபுளோரன்ஸ் தெருக்களில் கலவரம். பலருக்குக் காயம். ஓர் ஆட்டக்காரர் சட்டை மாற்றுவதற்கு ஓர் ஊரே தீப்பிடித்தது போல ஆனது.

அதற்குப் பிறகு வந்த ஆட்டம்தான் என் மனதில் அப்படியே நிற்கிறது. 1991 ஏப்ரல், யுவென்டஸ் சட்டையில் ஃபுளோரன்ஸுக்குத் திரும்பி வந்தீர்கள். யுவென்டஸுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உதைக்க வேண்டியவர் நீங்கள். உதைக்க மாட்டேன் என்றீர்கள். வேறொருவர் உதைத்தார், கோல்கீப்பர் தடுத்துவிட்டார். எதிரே நின்ற கோல்கீப்பர் மாரெஜ்ஜினிக்கு உங்கள் பழக்கம் எல்லாம் தெரியும் என்று பிறகு காரணம் சொன்னீர்கள். இருக்கலாம். நான் முழுதாக நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாற்று ஆட்டக்காரருக்கு வழிவிட்டு நீங்கள் வெளியே நடந்தபோது கூட்டத்திலிருந்து ஊதா நிறத் துண்டு ஒன்று வந்து விழுந்தது, ஃபியோரெண்டினா துண்டு. குனிந்து எடுத்துக்கொண்டீர்கள். உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அவர்களுடைய ரசிகர்களும் உங்களை லேசில் மன்னிக்கவில்லை. அன்று ஃபியோரெண்டினா 1-0 என்று ஜெயித்தது. ரசிகர்கள் மட்டும்தான் கிறுக்குப் பிடித்தவர்கள், ஆட்டக்காரர்கள் தொழில் செய்பவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வரும்.

இனி 1994. நைஜீரியாவோடு ஆட்டம், பத்துப் பேரோடு தவித்துக்கொண்டிருந்த இத்தாலிக்கு 88ஆவது நிமிடத்தில் சமன் செய்தீர்கள், கூடுதல் நேரத்தில் ஜெயிக்க வைத்தீர்கள். ஸ்பெயினோடும் கடைசி நேர கோல். பல்கேரியாவோடு இரண்டு. நாக் அவுட்டில் இறுதிப் போட்டி வரை இத்தாலி அடித்தது ஆறு கோல், அதில் ஐந்து உங்களுடையது. (ஆறாவதை அடித்தவர் பெயரும் பாஜியோதான், டினோ. உறவெல்லாம் கிடையாது.) தொடைத் தசையில் வலியோடுதான் இறுதிப் போட்டிக்கே வந்தீர்கள்.

கதையில் இப்படி ஒருவரைக் கொண்டுவந்தால் கடைசிப் பந்து உள்ளே போயே ஆக வேண்டும். போகாவிட்டால் எழுதியவரைத் திட்டலாம். ஆட்டத்தை எழுதியவர் யாருமில்லை, அதனால் உதைத்தவரைத் திட்டினோம். கோல் இல்லாமல் முடிந்த அந்த இறுதிப் போட்டியை, அணிக்கு ஐந்து பெனால்டி என்ற ஷூட் அவுட்தான் முடிவு செய்தது. அதில் உங்கள் அணியின் பரேசியும் உங்களைப் போலவே கம்பத்துக்கு மேலேதான் அடித்தார். இன்னொரு இத்தாலியர் மசாரோவின் உதையை பிரேசில் கோல்கீப்பர் தஃபரெல் தடுத்தார். நீங்கள் கோல் அடித்திருந்தாலும் 3-3தான், பிரேசிலுக்கு இன்னும் ஓர் உதை பாக்கி இருந்தது. இந்தக் கணக்கை எத்தனை பேரிடம் சொன்னாலும் "பாஜியோதானே கோப்பையை விட்டார்" என்பார்கள். தலை குனிந்து நீங்கள் நிற்கும் புகைப்படத்துக்கு முன்னால் கூட்டல் கழித்தல் எடுபடுவதில்லை. வலிக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, உங்களுடையது கிடைத்தது. அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயம் இல்லாமல் இவ்வளவு பேர் உங்களை இவ்வளவு காலம் நேசித்திருப்பார்களா என்றும் தெரியவில்லை.

நான்கு வருடம் கழித்து 1998 உலகக் கோப்பை, இத்தாலியின் முதல் ஆட்டம், எதிரணி சிலி. 1-2 என்று பின்தங்கியிருக்கும்போது, 85ஆவது நிமிடத்தில் பெனால்டி. நீங்களே போனீர்கள். அடித்தீர்கள், 2-2. அழகான கோல் இல்லை. உங்கள் அழகான கோல்களுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது, எனக்கு இதுதான் பிடிக்கும். அந்தப் பந்தின் முன் போய் நிற்க யாரும் உங்களை வற்புறுத்தியிருக்க முடியாது.

2004இல் மிலனின் சான் சிரோ மைதானத்தில் பிரெஷியா கிளப் சட்டையோடு நீங்கள் விடைபெற்றபோது மிலன் ரசிகர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எதிரணி ரசிகர்கள்! அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அதே 1998இல் பிரான்ஸோடு காலிறுதி, 0-0, கூடுதல் நேரம். தலைக்கு மேலாக வந்த பந்தை நீங்கள் அந்தரத்திலேயே உதைத்தீர்கள். தூரத்துக் கம்பத்தை ஒட்டி வெளியே போனது. அப்போது 'கோல்டன் கோல்' விதி. உள்ளே போயிருந்தால் அந்த நொடியே ஆட்டம் முடிந்திருக்கும், பிறகு கோப்பையைத் தூக்கிய பிரான்ஸ் வீட்டுக்குப் போயிருக்கும். அந்த ஆட்டத்தின் ஷூட் அவுட்டிலும் உங்கள் உதையை நீங்கள் தவறவிடவில்லை, இத்தாலிதான் தோற்றது. பாசடீனாவைப் பற்றி எல்லோரும் உங்களிடம் கேட்டுவிட்டார்கள். எனக்கு இந்த உதையைப் பற்றித்தான் தெரிய வேண்டும். பந்து உங்கள் காலை விட்டுப் போனபோது அது உள்ளே போகும் என்று நினைத்தீர்களா?

இப்படிக்கு,
உங்களுக்குத் தெரியாத ஒரு ரசிகன்