அந்த ஒரு நொடியைத் தேட நேரம் கொடுங்கள்

சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்குச் சென்று பெற்றோருக்குத் துணைநிற்கும் பணிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு விளையாடுவதைச் சில நிமிடங்கள் வீடியோ எடுத்து, அடுத்த முறை அதை அவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது என் வேலை.

ஒரு வீட்டில் ஒன்றரை வயதுப் பையன். "இவன் என்னைக் கண்டுக்கவே மாட்டான்" என்றார் அம்மா. வீடியோவில் அவன் கட்டை அடுக்குகிறான். மூன்றாவது கட்டை விழாமல் நின்றதும் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்க்கிறான். ஒரு நொடிதான். அங்கே நிறுத்தி, "அம்மா, நின்னுடுச்சு பாருங்க!" என்று அவன் சார்பில் நான் பேசினேன். மீண்டும் ஓடவிட்டேன். அம்மா சிரிக்கிறார், அவன் நான்காவது கட்டையை எடுக்கிறான். "இன்னொரு தடவை போடுங்க" என்றார், குரல் கம்மியிருந்தது. மூன்று தடவை பார்த்தோம். புத்திமதி எதுவும் நான் சொல்லவில்லை.

குழந்தை காட்டும் குறிப்பைக் கவனிப்பது, சரியாகப் புரிந்துகொள்வது, தாமதிக்காமல் அதற்கேற்ப நடப்பது: குழந்தை-பெற்றோர் பிணைப்பை ஆராய்ந்த உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த் இதைத்தான் பெற்றோரின் நுண்ணுணர்வு என்றார். அன்றாட அவசரத்தில் அந்தக் குறிப்பு கண்ணில் படாமலே போய்விடும். வீடியோவில் அதை நிறுத்திப் பார்க்கலாம். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான இப்படியான ஒரு வீடியோ முறையில் வழக்கமாக 6 சந்திப்புகள்தான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, இத்தகைய வீடியோ முறைகள் பற்றிய 22 ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் வெளியிட்ட அறிக்கை, பெற்றோரின் இந்த நுண்ணுணர்வு கூடுவதாகச் சொன்னது. குழந்தைகளின் நடத்தை மாறியதற்கு அதில் போதிய சான்று இல்லை. 2021ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், 300 குடும்பங்களில், நடத்தைச் சிக்கல்களும் குறைந்தன.

இப்போது சந்திப்பு நேரத்தை மட்டும் கணக்கில் வைத்து, வீடியோவைப் பார்த்துத் தயாராகும் நேரத்தை வெட்டப் போவதாகக் கேள்விப்படுகிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்த ஒரு நொடியைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிட வீடியோவை இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். உங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அந்த நேரம் இல்லாவிட்டால் தவறுகள்தான் முதலில் கண்ணில் படும். அதையே போய்ச் சொல்லிவிட்டு வருவோம். எடுத்ததை மூத்த பயிற்சியாளரோடு உட்கார்ந்து பார்க்கவும் நேரம் வேண்டும்.

இன்னொன்று. இந்த வீடியோக்களைப் பெற்றோரை எடைபோடும் கோப்புகளில் சேர்க்காதீர்கள். தன்மேல் குற்றம் சாட்டப் படம் பிடிக்கிறார்கள் என்று தோன்றிவிட்டால் எந்தத் தாயும் இயல்பாக விளையாட மாட்டார். குழந்தைக்கு ஆபத்து என்றால் அதைத் தெரிவிக்கத் தனி வழி இருக்கிறது. அதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

அந்த அம்மா, வேலை முடிந்து வரும் கணவருக்குக் காட்ட ஒரு பிரதி கேட்டார். கொடுத்தேன். அது அவர்களுடையது என்று உங்கள் விதியிலும் எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
வீடுகளுக்குச் செல்லும் ஒரு பணியாளர்