ஆண்டு விழா மேடைக்குப் பத்து நிமிட நாடகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விழா, ஆண்டு விழா என்று மும்பைத் தமிழ் அமைப்புகள் நாடகம் போட ஆள் தேடும் காலம் இது. மாட்டுங்கா, சயான், செம்பூர் எங்கும் பெரும்பாலும் இரண்டரை மணி நேரச் சிரிப்பு நாடகத்தைத்தான் எடுக்கிறார்கள். லோக்கல் ரயிலில் இடிபட்டு எட்டரை மணிக்கு வீடு சேருகிறவர்களுக்கு அத்தனை நீள நாடகத்தை ஒத்திகை பார்க்க ஏது நேரம்? பாதி மனப்பாடம், மீதி பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து வரும் குரல் என்று மேடையேற வேண்டியதாகிறது. அதற்குப் பதில், இரண்டு மூன்று பேர் மட்டும் நடிக்கும் மிகச் சிறு நாடகங்கள் நான்கைந்தைக் கோத்து ஒரு மாலையை நடத்தலாம். இந்தக் காலத்து நாடக ஆசிரியர்கள் இந்த வடிவத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். சிட்னியில் 2002-ல் தொடங்கிய ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ விழா பத்து நிமிட நாடகங்களுக்கென்றே நடப்பது, இந்தியாவுக்கும் வந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நீண்ட நாடகத்தில் ஒரு காட்சியை வெட்டி எடுத்துப் போட்டால், யாருக்கு யார் என்ன உறவு என்று சொல்வதற்குள் மூன்று நிமிடம் போய்விடும். டி.வி. ஸ்கிட்டை மேடைக்குக் கொண்டுவந்தால் எல்லாரும் கடைசி ஜோக்குக்காகவே உட்கார்ந்திருப்பார்கள். கால அளவு சிறியது என்பதாலேயே எடுபடுகிற நாடகமாகத் தேட வேண்டும்.

முதலில் எங்கள் சிபாரிசு, அமெரிக்க நாடக ஆசிரியர் டேவிட் ஐவ்ஸ் எழுதிய ‘ஷ்யூர் திங்’ (1988). காபிக் கடையில் தனியாக உட்கார்ந்து படிக்கும் பெண்ணிடம் ஓர் ஆண் பேச்சுக் கொடுக்கிறான். யாராவது தப்பாக ஒன்று சொன்னதும் மணி அடிக்கும். பேச்சு விட்ட இடத்துக்குத் திரும்பி வேறு வழியில் போகும். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மேடைக்கு வெளியே ஒரு மணி, அவ்வளவுதான். சொதப்புவது பெரும்பாலும் மணி அடிப்பவர்தான். அவரும் முதல் நாள் ஒத்திகையிலிருந்தே வர வேண்டும். வசனத்தின் கடைசி அசையோடு மணி விழ வேண்டும். சிரிப்பு அடங்கட்டும் என்று நடிகர்கள் காத்திருந்தால் பத்து நிமிடம் பதினைந்தாகி, நாடகம் தொய்ந்துவிடும்.

கனமாக ஒன்று வேண்டுமென்றால் ஆங்கில நாடக ஆசிரியர் ஹரால்ட் பின்டரின் ‘த நியூ வேர்ல்டு ஆர்டர்’ (1991). அவர் 2008-ல் மறைந்தார். சமகாலம் என்பதைச் சற்று நீட்டித்தான் சேர்க்கிறோம். கண் கட்டப்பட்டு நாற்காலியில் ஒருவன். அவனை என்ன செய்யப்போகிறோம் என்று அவன் காதுபடவே இருவர் பேசிக்கொள்கிறார்கள். நாம் அடி உதை எதையும் பார்ப்பதில்லை. அதனால் குரலை உயர்த்தி வில்லத்தனம் காட்டினால் நாடகம் செத்தது. வசனமே இல்லாத அந்த மூன்றாவது வேடத்தைப் புதுமுகத்துக்குக் கொடுப்பது வழக்கம். எங்களைக் கேட்டால் குழுவின் மூத்த நடிகருக்குத் தர வேண்டும்.

பின்டரின் ‘மவுண்டன் லாங்குவேஜ்’ (1988) இருபது நிமிடத்துக்குமேல் போகும், ஆளும் கூடுதலாக வேண்டும். ஆனாலும் பிழைக்க வந்த ஊரில் தமிழ் பேசுகிற நமக்கு அதைவிடப் பொருத்தமான குறுநாடகம் சுலபத்தில் கிடைக்காது. சிறையிலிருக்கும் மகனைப் பார்க்க வந்த கிழவிக்கு அவள் மொழி தடை செய்யப்பட்டிருக்கிறது. பேசலாம் என்று பின்னால் அனுமதி வரும்போது அவளிடமிருந்து பேச்சு வருவதில்லை. இந்த நாடகத்துக்காக 1996-ல் லண்டனில் குர்து நடிகர்கள் பொம்மைத் துப்பாக்கிகளுடன் ஒத்திகை பார்த்தபோது ஆயுதப் போலீஸ் வந்து அவர்களைப் பிடித்ததோடு, குர்து மொழியில் பேசக்கூடாது என்றும் சொன்னது. நீங்கள் எடுப்பதானால் உள்ளூர் காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

பெண் நடிகர்களுக்கு மஞ்சுளா பத்மநாபனின் ‘ஹிட்டன் ஃபயர்ஸ்’ (2003). வன்முறையையும் சகிப்பின்மையையும் பற்றிய ஐந்து தனிமொழிகள் (ஒருவரே பேசி நடிப்பவை). ஒரு மாலைக்கு ஒன்று போதும். அதையும் இடைவேளை முடிந்தவுடன் வைக்காதீர்கள், வடை வாசனையோடு உள்ளே வரும் கூட்டம் முதல் இரண்டு நிமிடத்தைத் தின்றுவிடும். கேரில் சர்ச்சிலின் ‘லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்’ (2012) ஐம்பதுக்கும் மேற்பட்ட குறுங்காட்சிகளால் ஆனது. எந்த வசனம் யாருடையது என்று பிரதியில் கிடையாது. அதைப் பயிற்சிக்கு எடுக்கலாம், தவறாமல் பலன் தரும். மேடையேற்றுவதென்றால் பகுதிகளின் வரிசையை மாற்றக்கூடாது, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் காட்சிகளை இடம் மாற்றிக்கொள்ளலாம் என்பது ஆசிரியர் வைத்த நிபந்தனை. சூசன்-லோரி பார்க்ஸ் 2002 நவம்பரிலிருந்து ஓராண்டு நாளுக்கொன்றாக எழுதிய 365 நாடகங்களில் சில ஒரு பக்கம்கூட வராது. எல்லாமே நன்றாயிருக்கும் என்று சொல்ல மாட்டோம்.

ஆங்கிலப் பிரதியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது கணக்கு. தமிழில் அந்தக் கணக்கு சரிவராது, பத்துப் பக்கம் பன்னிரண்டு பதிமூன்று நிமிடம் பிடிக்கும். உரக்க வாசித்து நேரம் பார்த்த பிறகே நிகழ்ச்சி நிரலை அச்சடியுங்கள். ஒரு நாடகத்துக்குப் பன்னிரண்டு மணி நேர ஒத்திகையாவது வேண்டும்.

இத்தகைய மாலைகள் கெடுவது நாடகத்தில் அல்ல, இரண்டு நாடகங்களுக்கு நடுவில். ஐந்துக்கும் பொதுவாக ஒரு மேஜை, நான்கு நாற்காலி, ஒரு பெஞ்ச் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலிக் கால் நிற்கும் இடங்களில் இருட்டில் ஒளிரும் டேப்பை ஒட்டி, கால்களின் அடியில் துணி ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் மேலே தொங்கும் மைக் வசனத்தைவிட இழுபடும் நாற்காலியைத்தான் நன்றாகக் கேட்கும். மாற்றம் நாற்பது விநாடிக்குள் முடிய வேண்டும். அதற்கென்றே நடிப்பில்லாமல் ஒருநாள் ஒத்திகை பாருங்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் தொகுப்பாளர் வந்து கதையைச் சொல்லிவிடும் நம் வழக்கம் இங்கே உதவாது. நடுவில் புரவலருக்குப் பொன்னாடை போர்த்தும் வைபவமும் வேண்டாம், எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே போர்த்தி முடித்துவிடலாம். விளக்கை அணைத்து கூட்டம் அடங்கும்வரை பதினைந்து விநாடி பொறுங்கள். பத்து நிமிட நாடகத்தில் முதல் முப்பது விநாடி காதில் விழாவிட்டால் இருபதில் ஒரு பங்கு போயிற்று. அரங்கமும் சிறியதாக இருக்கட்டும். ஷண்முகானந்தா போன்ற பெரிய அரங்கின் பின்வரிசைக்கு முகமே தெரியாது. மாட்டுங்கா மைசூர் அசோசியேஷன் அளவு போதும்.

அனுமதி விஷயத்தில் பலருக்கும் ஒரு பாதி மட்டும் தெரிந்திருக்கிறது. தொழில்முறை அல்லாத மன்றம் ஒன்று கட்டணமில்லாமல் நடத்தும் நாடகத்துக்குப் பதிப்புரிமைச் சட்டம் (1957), பிரிவு 52 விலக்கு அளிக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பு உரிமை தனி, அதைக் கேட்டு வாங்க வேண்டும். டிக்கெட் விற்றால் பொதுவாக விலக்கு கிடையாது. ஐவ்ஸுக்கு அமெரிக்காவின் டிரமாட்டிஸ்ட்ஸ் ப்ளே சர்வீஸ், சர்ச்சிலுக்கு லண்டன் நிக் ஹெர்ன் புக்ஸ், மஞ்சுளா பத்மநாபனுக்குப் பதிப்பாளரான கொல்கத்தா சீகல் என்று எழுதிக் கேட்க வேண்டும். போதாததற்கு மகாராஷ்டிரத்தில் மேடை நாடகப் பிரதிக்கு அரசுத் தணிக்கைக் குழுவின் சான்றிதழ் தேவை. (நடிகர் அமோல் பாலேக்கர் 2016-ல் இதை எதிர்த்து மும்பை உயர்நீதிமன்றம் போனார்.) ஐந்து நாடகம் என்றால் ஐந்து பிரதிகள், ஒன்று பாக்கியிருந்தாலும் விழா வாரத்தில் அலைய வேண்டிவரும். பொங்கலுக்கு மேடையேற வேண்டுமானால் உரிமை கேட்கும் கடிதம் செப்டம்பரிலேயே போகட்டும், தமிழ்ப் பிரதி நவம்பருக்குள் தயாராகட்டும்.

இப்படிக்கு,
நாடக ஆர்வலர்கள் சிலர்,
மாட்டுங்கா, மும்பை.