லேப் மிஸ்ஸுக்கு ஒரு நன்றி

அம்மா நேற்று அந்திக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். தோட்டத்து லயத்துச் சனமே எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில்தான் நின்றது. கைக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை, ஆனாலும் வந்த கையோடு பின்பக்கம் போய் கரட் பாத்தியைத்தான் பார்த்தார். கையில் வந்த புண் ஆறாமல் கட்டி கட்டியாக ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் அந்த லேப் மிஸ்ஸின் பேரைக்கூடக் கேட்டு வைக்காமல் வந்துவிட்டேன், அதுதான் இதை எழுதுகிறேன். சீழில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் தட்டில் இரண்டு நாளில் ஒன்றும் வளராவிட்டால் வழக்கமாக எறிந்துவிடுவார்களாம். முதலில் காட்டிய இடத்தில் அம்மாவின் தட்டு அப்படித்தான் போயிருக்கிறது. இரண்டாவது தட்டு இந்த மிஸ்ஸின் கைக்கு வந்தது. மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்ட் குளிசை போடுகிறவர், புறங்கையில் தொடங்கி முழங்கை வரைக்கும் மணி கோர்த்த மாதிரி கட்டி ஏறியிருக்கிறது என்று துண்டில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, யாரும் சொல்லாமலே "எறிய வேண்டாம்" என்று எழுதி ஒட்டி, அதைத் தனியாக வைத்திருக்கிறார். ஐந்தாம் நாள் சுண்ணாம்புத் தூள் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

அன்று வேலை முடிந்து குடையும் கையுமாக வார்டுக்கு வந்தார். அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து பாதித் தமிழில், "அம்மா, வீட்டிலே என்ன நட்டிருக்கு?" என்று கேட்டார். கேட்ட டொக்டர்களுக்கெல்லாம் "பென்சன் ஆகிட்டேன், சும்மாதான் இருக்கேன்" என்று சொன்ன அம்மா, தன் அம்மாவும் வெலிமடையில் உருளைக்கிழங்கு போடுகிறார் என்று மிஸ் சொன்னதும் அப்படியே மலர்ந்துபோய் கரட், லீக்ஸ், அவரை என்று அடுக்கி, அவரைக்கு ஊன்றின கம்பில் சிராய் ஏறினது, அந்தக் கையோடே மண் கிளறினது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மண்ணைத் தொடாதே என்று நான் போட்ட தடையெல்லாம் என் முன்னாலேயே காற்றில் போனது!

மிஸ் போனில் அந்தத் தட்டின் படம் காட்டினார். மோந்து பார்க்கக் கூடாதாம், ஆனால் மூடியைத் திறந்தாலே மழை விழுந்த மண் வாசம் வருமாம். நொகார்டியா என்று பேர். மண்ணிலேயே இருக்கிற கிருமி, நம்மில் முக்கால்வாசிப் பேரை ஒன்றும் செய்யாது, எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பென்றால் உள்ளே இறங்கி நுரையீரல், மூளை வரைக்கும்கூடப் போகும். நொகார் என்ற பிரெஞ்சு மிருக வைத்தியர் 1888இல் மாட்டு நோயொன்றில் இதைப் பிரித்தெடுத்தாராம். அதைச் சொன்னதும் "அப்ப எனக்கு வந்தது மாட்டு வியாதியா?" என்று அம்மா சிரித்தார். மூன்று கிழமைக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

அடுத்த நாளே மருந்து கோட்ரிமொக்சசோலுக்கு மாறியது, நெஞ்சு எக்ஸ்ரேயும் தலை ஸ்கேனும் சுத்தம். இனிக் குறைந்தது ஆறு மாதம் குளிசை, இடைக்கிடை இரத்தப் பரிசோதனை. ஆளுக்கு ஆள் ஒட்டாது என்று டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், ஆகவே டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தவர்கள் திரும்ப உள்ளே வைக்கலாம். கோபமில்லை, எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

பெரிய டொக்டருக்கும், இரவில் ஓடி வந்த நர்ஸ் மிஸ்ஸிமாருக்கும், காசு வாங்காமல் ஹட்டன் வரைக்கும் ஆட்டோ ஓட்டின தம்பிக்கும், கொழும்பில் இருந்து ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்ட நம்ம பிள்ளைகளுக்கும், எங்கள் கோழிக்குத் தீனி போட்ட பக்கத்துக் காம்பரா அக்காவுக்கும் கோடி நன்றி.

மண்ணை விடு என்று இனி அம்மாவிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் மறைப்பார், அவ்வளவுதான். புண் ஆறும் வரைக்கும் பாத்தி என் பொறுப்பு, அப்புறம் கையுறையும் பூட்ஸும் போட்டுத்தான் இறங்குவது என்று பேசி முடித்திருக்கிறோம். இன்று காலையில் அந்த றப்பர் கையுறையை நல்ல கையில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டா கரட் எது, கல்லு எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.