‘நல்ல வேளை’ என்று முடித்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆய்வகப் பாதுகாப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கோட்டு, கண்ணாடி, கையுறை எல்லாம் சரியாகச் சொல்லியிருந்தார்கள். விடுபட்ட ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்: நூலிழையில் தப்பிய சம்பவங்களையும் எழுதி வைக்க வேண்டும்.

இருபது வருடத்துக்கு மேலாக வேதியியல் ஆய்வகத்தில் டெக்னீசியனாக இருக்கிறேன். இந்தத் தொழிலில் நான் அதிகம் கேட்ட பேச்சு, “நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை” என்பதுதான். அதோடு விஷயம் மூடப்பட்டுவிடுகிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். கண்ணாடிச் சாமான்களைக் கழுவி மிஞ்சிய நைட்ரிக் அமிலத்தைக் கழிவு பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகிவிட்டுக் கிளம்பினேன். பாட்டிலில் ஏற்கெனவே ஆல்கஹால் இருந்திருக்கிறது. மேலே ‘கழிவு’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் உடனே எதுவும் தெரியாமல் இருக்கலாம். மெல்லச் சூடேறி வாயு கிளம்பும், போக வழியில்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும். மறுநாள் காலை கதவைத் திறந்தால் எதிர்ச் சுவர் வரை கண்ணாடிச் சில்லு. நான் உட்காரும் நாற்காலியின் சாய்மானத்தில் ஒன்று குத்தி நின்றது. “எழுதிக் கொடுத்தால் உன் பெயர்தான் அடிபடும், பெருக்கித் தள்ளு” என்றார் மேலே இருந்தவர். பெருக்கித் தள்ளினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து மேல் மாடியில் அதே போல இன்னொரு பாட்டில் வெடித்தது. இந்த முறை பட்டப்பகல், பக்கத்தில் ஒரு மாணவி. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. நெற்றியிலும் கன்னத்திலும் தையல். எங்கள் அறையில் நடந்ததை ஒரே ஒரு தாளில் எழுதி எல்லா அறைகளுக்கும் அனுப்பியிருந்தால் அங்கே அமிலத்துக்குத் தனி பாட்டில் வைத்திருப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று முழுதாக எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்தப் பெண்ணின் முகம் இன்றும் என் மனதை உறுத்துகிறது.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்ட் 14 அன்று டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மத் திரவத்தைக் கையாண்டபோது சில துளிகள் அவருடைய லேடெக்ஸ் (ரப்பர்) கையுறையின் மேல் விழுந்தன. அவர் நச்சு உலோகங்களை ஆராய்ந்தவர், கவனக்குறைவானவர் அல்ல. 1997 ஜூன் 8 அன்று பாதரச நஞ்சால் இறந்தார். அந்தத் திரவம் அந்த வகைக் கையுறையைச் சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது அதற்குப் பிறகு சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே சக பணியாளர்கள் இதை ஒரு வேதியியல் இதழுக்குக் கடிதமாக எழுதினார்கள். இந்தக் கையுறை போதாது என்று உலகம் முழுக்க உள்ள ஆய்வகங்கள் தெரிந்துகொண்டன. எத்தனையோ கைகளை அது காப்பாற்றியிருக்கும்.

ரசாயனம் மட்டும் இல்லை. ஒருவர் இயந்திரத்துக்குள் கைவிட்டுப் பழுது பார்க்கும்போது இன்னொருவர் தெரியாமல் சுவிட்சைப் போடப் போவார். யாரோ கத்துவார்கள், கை தப்பும், பத்தாம் நிமிடம் எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். சுவிட்சுக்குப் பூட்டு வாங்க வேண்டும் என்பது யார் நினைவிலும் இருக்காது. கண் கழுவும் குழாயும் இப்படித்தான். பத்து நொடியில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும், பதினைந்து நிமிடம் விடாமல் தண்ணீர் வர வேண்டும். நான் பார்த்த ஒன்றின் முன்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. நகர்த்தித் திறந்தால் துருத் தண்ணீர். வாரம் ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் போதும்.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். “யார் செய்தது?” என்ற கேள்வியை முதலில் கேட்காதீர்கள். அதைக் கேட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். “எப்படி நடந்தது?” என்று கேளுங்கள். பெயர் போடாமல் எழுத வழி செய்யுங்கள். எழுதியதை எல்லா அறைகளிலும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆசிரியர் அவர்களே, இப்படி நூலிழையில் தப்பிய சம்பவங்களை வாசகர்கள் பெயரில்லாமல் எழுத உங்கள் இதழில் கால் பக்கம் ஒதுக்க முடியுமா? முதல் குறிப்பாக என் பாட்டிலைப் பற்றியதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக டெக்னீசியன்